பானெட்டுக்குள் ஒரு விளக்கு
(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



வண்டி பழுதாவதற்கு நேரம் காலம் கிடையாது. நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஷெட்டில் என்றால் 230 வோல்ட் கை விளக்கைப் பானெட்டில் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். கீழே ஈரத்தரை, வயரோ உறை பிய்ந்தது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்பில் பாய்ந்தால் உயிருக்கே உலை. ஆகவே வண்டியின் சொந்த 12 வோல்ட்டில் எரியும் ஒரு சிறிய பானெட் விளக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்! அதைச் சரி செய்வது எப்படி, மேம்படுத்துவது எப்படி என்பதே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஃபீஸ் கட்டியது என் தாய்மாமா. அவர் வாடகைக்கு ஓட்டுவது ஒரு பழைய அம்பாசடர். அந்தக் காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மாமாவுக்கு இன்றும் அதுதான் சோறு போடுகிறது. முன்பு வைத்திருந்தவர் அதில் பானெட் விளக்கு ஒன்றை மாட்டியிருந்தார். அது மினுக் மினுக்கென்று மங்கலாகத்தான் எரியும். ஷெட்டில் இரண்டு தடவை பல்ப் மாற்றியும் பலனில்லை. "மாப்ளே, நீதான் படிக்கிறியே, என்னன்னு பாரு" என்றார் மாமா.

நோய் எங்கே?

விளக்கு மங்கினால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் சந்தேகப்படுகிறோம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி எர்த்! பானெட் விளக்குக்குத் தனி எர்த் வயர் போடாமல் பானெட் தகட்டிலேயே முடுக்கி விடுவார்கள். கரண்ட் பானெட்டிலிருந்து கீல் வழியாகத்தான் பாடிக்குப் போக வேண்டும். கீலிலோ பெயின்ட், கிரீஸ், துரு மூன்றும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, விளக்கு எரியும்போதே, சிவப்பு முனையை ஹோல்டரின் உடம்பிலும் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல எர்த். மாமா வண்டியில் 2 வோல்ட் காட்டியது! 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட்தான் கிடைத்தது. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்ட்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மருந்து எளியது. ஹோல்டரில் படிந்த பச்சைக் களிம்பை எமரி பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். ஹோல்டரிலிருந்து பாடிக்குத் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய இடத்தில் லக் வைத்து முடுக்க வேண்டும். பானெட்டைத் தூக்கும்போது விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? கீல் அருகே வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். அங்கே வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி வயர் ஆகாது. மடங்கி மடங்கி ஒடிந்துவிடும். பல இழை வயர்தான் போட வேண்டும்.

எல்.இ.டி. போடலாமா?

தாராளமாகப் போடலாம். 10 வாட் பல்ப் 12 வோல்ட்டில் சுமார் 0.83 ஆம்பியர் இழுக்கும். பானெட்டைச் சரியாக மூடாமல் பத்து மணி நேரம் மறந்துவிட்டால் 8 ஆம்பியர்-மணிக்கு மேல் காலி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது கிட்டத்தட்ட கால் பங்கு.

ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு சுமார் 3.1 வோல்ட் தேவை. மூன்றை வரிசையாக இணைத்தால் 9.3 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். மிச்சம் 5.1 வோல்ட். சிறிய எல்.இ.டி. தாங்குவது 20 மில்லி ஆம்பியர். 5.1-ஐ 0.02-ஆல் வகுத்தால் 255 ஓம். கடையில் கிடைப்பது 270 ஓம், கால் வாட். இப்படி ஆறு வரிசை, மொத்தம் 18 எல்.இ.டி. போட்டாலும் 0.12 ஆம்பியரைத் தாண்டாது. பேஸிக் எலக்ட்ரிகலில் மனப்பாடம் செய்த ஓம் விதி இவ்வளவுதாங்க! பேட்டரியின் 12 வோல்ட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்ஜின் ஓடும்போது எல்.இ.டி. சீக்கிரம் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை: பிளஸ், மைனஸ் மாறினால் எல்.இ.டி. எரியாது. சூடும் அதற்கு ஆகாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

ஃபியூஸ் இல்லாமல் வேண்டாம்

மாமா வண்டியில் நான் கண்டு பயந்தது மங்கல் வெளிச்சத்தை அல்ல. விளக்குக்கு வந்த வயர், ஃபியூஸே இல்லாமல் பேட்டரி பாசிட்டிவில் நேராகச் சுற்றியிருந்தது! ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பேட்டரி அது. அந்த மெல்லிய வயர் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதைதான்.

2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதை விளக்குக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில் போட வேண்டும். ஏனென்றால் ஃபியூஸ் காப்பது அதற்கு அப்பால் உள்ள வயரைத்தான். தகட்டில் வயர் நுழையும் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

வேலை முடிந்து விளக்கு பளிச்சென்று எரிந்ததும் மாமா சிரித்தார். ஃபியூஸைக் காட்டி விளக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "இத்தனை வருசம் இதை வச்சா ஓட்டிக்கிட்டிருந்தேன்?" என்றார்.

நண்பர்களே, ஷெட்டில் இருக்கும் அண்ணன்மார்களின் கைப்பழக்கத்துக்கு முன்னால் நாம் சின்னப் பிள்ளைகள். ஸ்பேனர் பிடிக்க அவர்களிடம்தான் கற்க வேண்டும். ஆனால் அளந்து பார்த்து, 'ஏன்' என்று கேட்டு வேலை செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மீட்டர் ஒன்றும் ஃபியூஸ் இரண்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு வண்டி, பக்கத்து வீட்டு ஆட்டோ எதுவாயினும் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து பாருங்கள். ஃபியூஸ் இல்லாத ஒன்று அகப்பட்டாலும் நாம் படித்த படிப்புக்குப் பலன் உண்டு.