ஒரு பாட்டு முடிவதற்குள் ஓர் ஆட்டம்

வானொலி அறிவிப்பாளருக்குக் கிடைக்கும் ஓய்வு ஒரு பாடலின் நீளம்தான். நான்கரை நிமிடம். அதற்குள் தண்ணீர் குடிக்க வேண்டும், நேயர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் பார்க்க வேண்டும், அடுத்து என்ன பேசுவது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில் கைப்பேசியில் விளையாடுவேன். பல வருடப் பழக்கம். அதனால் நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத பெரிய விளையாட்டுகள் பக்கம் நான் போவதில்லை. சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும் எளிய ஆட்டங்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் மாக் மண்டினில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. இரண்டாம் நாளே, "சித்தி, போரடிக்குது" என்றான். என் சிறு வயது தொடங்கி இன்று வரை வந்த நான்கு ஆட்டங்களை அவனுக்குக் காட்டினேன். எங்கள் இருவரின் தீர்ப்பு இதோ.

டெட்ரிஸ் (1984)

மாஸ்கோவில் கணினி ஆய்வாளராக இருந்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் வீட்டுக்கு அது பாசார் மாலாமில் வாங்கிய ‘பிரிக் கேம்’ வடிவத்தில் வந்தது. பெட்டியில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள்தான். வேகமும் தொடக்கமும் மட்டும் மாறும்.

விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். "இதுல எப்ப ஜெயிக்கிறது?" என்று கேட்டான் பையன். ஜெயிக்கவே முடியாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் 2023 டிசம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை அது திணறி உறைந்து நிற்கும் வரை ஆடிக் காட்டினான். இதைச் சொன்னதும் இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நேரம்: 5 நிமிடம். யாருக்கு: எல்லாருக்கும்.

பாம்பு ஆட்டம் (1997)

பின்லாந்துப் பொறியாளர் தானெலி அர்மாந்தோ நோக்கியா 6110 கைப்பேசிக்காக எழுதியது. நம்மில் பலருக்கு 2000இல் வந்த 3310தான் நினைவில் இருக்கும். அப்பா வேலை முடிந்து வந்து குளிக்கப் போனதும் அவர் கைப்பேசி எங்கள் கைக்கு வந்துவிடும். அவர் குளித்து முடிக்கும் நேரமே ஆட்ட நேரம்.

இன்று ஆடினாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரம் இல்லை, பணம் கேட்பதில்லை. பாம்பு நீளமாகும்போது எதிரி வேறெங்கும் இல்லை, நம் வாலேதான். கையடக்க ஆட்டத்தில் இதைவிடச் சுருக்கமான யோசனையை நான் பார்த்ததில்லை.

நேரம்: 2 நிமிடம். யாருக்கு: காத்திருப்பவர்களுக்கு.

பிளாப்பி பேர்ட் (2013)

வியட்நாமில் டோங் நுயென் என்ற இளைஞர் தனியாளாகச் செய்தது. திரையைத் தட்டினால் பறவை எழும்பும், விட்டால் விழும். குழாய்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். விளம்பரம் மூலம் நாளொன்றுக்கு 50,000 அமெரிக்க டாலர் வந்துகொண்டிருந்த நேரத்தில், 2014 பிப்ரவரியில் அவரே அதை நீக்கிவிட்டார். மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்பதைக் காரணமாகச் சொன்னார்.

இப்போது கிடைப்பவை நகல்கள். பையன் ஏழாவது முறை மோதியதும் கைப்பேசியை மெத்தையில் வீசினான். நுயென் சொன்னது சரிதான்.

நேரம்: 30 விநாடி என்பார்கள், நம்பாதீர்கள். யாருக்கு: பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வெண்பா (2023)

கடைசியாக இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. கனடாவின் டொரொன்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ வெளியிட்ட சமையல் ஆட்டம் இது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. கணினியிலும் நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் ஆடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாப்டா விருதும் பெற்றது.

வெண்பாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்பேடு பழசாகி மை அழிந்து கிடக்கிறது. விடுபட்ட இடத்தை நாம் யூகித்து இட்லி வேகவைக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம். அடுக்களை வானொலியில் அந்தந்தக் காலத்துத் தமிழ்ப்படப் பாணியில் புதிதாக அமைத்த பாடல்கள் ஒலிக்கின்றன. அதற்காகவே நான் இரண்டு முறை ஆடினேன். குறை என்றால் நீளம்தான்: கொடுக்கும் காசுக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று தோன்றும். ஒருமுறை கண்டுபிடித்த விடையில் மறுமுறை சவாலும் இல்லை.

புட்டுக்கு வந்தபோது பையன் திணறினான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்து, "அடியில ஓட்டைத் தட்டைப் போடுடா, அப்புறம் தேங்காய்ப்பூ" என்றார். பிறகு துணியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதில் அவர் ஆடிய முதல் காணொளி விளையாட்டு அதுதான்.

வளர்ந்த கவின் அந்தக் குறிப்பேட்டைத் தானே படிக்க முயலும் பகுதி வந்தது. தமிழ் அவனுக்குப் பாதிதான் புரிகிறது. "எனக்கும் இப்படித்தான் சித்தி, பேசினா புரியும், படிக்கத் தெரியாது" என்றான் பையன், சாதாரணமாக. அவன் தேசியப் பள்ளியில் படிக்கிறான். அம்மாவிடமும் ஒரு சமையல் நோட்டு இருக்கிறது, முழுக்கத் தமிழில். தினமும் தமிழ் பேசிச் சம்பளம் வாங்கும் நான், அவனுக்கு ஓர் எழுத்துகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நேரம்: ஒரு மாலைப் பொழுது. யாருக்கு: பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து ஆட.

விடுமுறை முடிந்து அவன் வீட்டுக்குப் போய்விட்டான். பாட்டு ஓடும் நேரத்தில் இப்போது நான் விளையாடுவது குறைந்துவிட்டது. ஓர் எழுத்தைத் தாளில் எழுதிப் படம் பிடித்து, ஒலிப்பதிவோடு அக்காவின் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். அவன் பார்த்து எழுதித் திருப்பி அனுப்புகிறான். உயிரெழுத்துகளை முடித்துவிட்டோம். இப்போது ‘ங’வில் நிற்கிறோம். அது எதற்கு என்று கேட்கிறான். ‘இங்கே வா’ என்று எழுதிக் காட்டியிருக்கிறேன்.