கூரை வழி வரும் கோடை

புனே நகரத்துப் பழைய பேட்டைகளில் ‘வாடா’ எனப்படும் முற்றத்து வீடுகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. 1807ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற விச்ராம்பாக் வாடா இவ்வகைக்குச் சிறந்த சான்று. மரச்சட்டங்களுக்கிடையே செங்கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், பகல் வெப்பத்தை மெல்ல மெல்லவே உள்ளே விடுகின்றன. ஆயினும், இத்தகைய வீட்டின் மாடியில் பிற்காலத்தில் வேய்ந்த தகரக் கூரையின்கீழ் வாழும் குழந்தைகளும் முதியோரும் கோடையில் வாடுவதேன்?

குற்றம் சுவருடையதன்று; கூரையுடையது. புனேயில் மே மாத நடுவில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கிறது. சுவரில் சாய்ந்து படும் கதிர் கூரையின்மீது நேராக விழுகிறது. மெல்லிய தகரம் அவ்வெப்பத்தைத் தடுப்பதில்லை. ஆகவே, கையிலுள்ள பணத்தை முதலிற் கூரைக்கே செலவிடுதல் வேண்டும். தகரத்தின் மேற்புறம் வெண்பூச்சுப் பூசலாம். கீழே பலகைத் தளம் அமைத்து, அதன்மேல் கண்ணாடி இழைப் பஞ்சு பரப்பலாம்; பஞ்சுக்கும் தகரத்துக்கும் இடையே காற்றோட வழி விடவேண்டும்.

அடுத்து, கதவு சன்னல்களின் இடுக்குகளை அடைக்கலாம். புனேயின் கோடை இரவு பகலைவிட மிகத் தணிந்தது. ஆதலின் முற்பகலிலேயே சன்னல்களை மூடி, வெளிக்காற்றுக் குளிர்ந்தபின் அகலத் திறத்தல் நன்று. ஆனால், அடுப்பெரியும் அறையை ஒருபோதும் அடைத்துவிடலாகாது. நச்சுவாயு உயிருக்கே கேடு. மண்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் வேண்டா; ஈரம் உள்ளே தங்கி மரத்தை உளுக்கச் செய்யும். சுண்ணச்சாந்தே ஏற்றது.

நேயர்களே, வீட்டை இடித்துக் கட்ட எல்லோராலும் இயலாது. கூரையைச் செப்பனிடப் பலராலும் இயலும். மாசி மாதம் முடியுமுன் அதைச் செய்துவிடுதல் நலம்.