திரை முத்தங்கள் – 9: அருவி விளிம்பில்

‘கர்மா’ (1933) படத்தில் தேவிகா ராணியும் ஹிமான்சு ராயும் கொடுத்துக்கொண்ட முத்தத்தைச் சென்ற வாரமே பேசி முடித்தாயிற்று. இந்த வாரம் தணிக்கை வாரியம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் 1986 குறுக்கே நிற்கிறது; அதைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

அந்த ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்ன’னில், அதிரப்பள்ளி அருவியின் உச்சியில் கமல்ஹாசன் ரேகாவை முத்தமிடுகிறார், உடனே இருவரும் குதிக்கிறார்கள், அவள் சாகிறாள். பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ படத்தில் கார்த்திகாவும் ஷாரியும் நடித்த பள்ளி மாணவியர் சுற்றுலாவிலிருந்து ஓடிப்போகிறார்கள். அவர்களுக்கிடையே இருப்பது காதலா என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை, முத்தமும் கிடையாது, முடிவில் இருவரும் பிணம். ஆணும் பெண்ணும் உயிரை விலையாக வைத்தால் ஒரு முத்தம் கிடைத்தது. இரு பெண்கள் அதே விலையைக் கொடுத்தும் அது கிடைக்கவில்லை.

கமலின் பிற்காலப் படங்களைக் காட்டி இதை மறுக்கலாம். ‘குருதிப்புன’லில் (1995) கௌதமியோடு முத்தம் உண்டு, சாவு நிபந்தனை இல்லையே? இல்லைதான், அங்கே அவர்கள் கணவன் மனைவி. ‘ஹே ராம்’ (2000) படத்தில் ராணி முகர்ஜியும் மனைவிதான், அவளும் கொல்லப்படுகிறாள். தாலி அல்லது சாவு, இரண்டில் ஒன்று முத்தத்துக்குப் பிணை நின்றாக வேண்டும். முத்தமே நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பவர்கள் திருக்குறளின் 113-ஆம் அதிகாரத்தை, அதன் முதல் குறளை மட்டுமாவது படிக்கட்டும். காதலியின் பல்லிடை ஊறும் நீரின் சுவையை வள்ளுவர் கூச்சமின்றிப் பாடியிருக்கிறார்.

ஆகவே இங்கே அச்சம் உதட்டைப் பற்றியதல்ல. யாரை நெருங்குவது என்பதை இருவர் தாமே தீர்மானிப்பதைப் பற்றியது. வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் சேர்ந்து உண்ணலாமா என்பதே சேரன்மகாதேவி குருகுலத்தில் 1920-களில் நாட்டையே உலுக்கிய வழக்கானது. அதே நெல்லை மண்ணில் நிகழும் ‘பரியேறும் பெருமா’ளில் (2018) பரியனும் ஜோவும் ஒருவரையொருவர் காதலர் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடிவதில்லை. அதற்கே பரியனைக் கொல்ல ஆள் வருகிறது.

இப்போது தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தைப் பாருங்கள். ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் அதில் முத்தமிடுகிறார்கள். தணிக்கை வாரியம் காட்சி எதையும் வெட்டவில்லை. ஆனால் 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகளை அடித்து நொறுக்கினார்கள். முத்தத்தைவிட அந்த முடிவுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்பது என் கணிப்பு: இரு பெண்களும் சாகவில்லை, கணவர்களிடம் திரும்பவுமில்லை, ஒன்றாகப் போய்ச் சேர்கிறார்கள்.

அருவிக் காட்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த முத்தம் பற்றித் தனக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்று ரேகா பின்னாளில் பேட்டியில் கூறினார். தணிக்கைச் சான்றிதழ் இதைக் கேட்பதே இல்லை. வாரியத்தோடு சேர்த்து அதையும், 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான ‘காதல் என்பது பொதுவுடமை’யையும் அடுத்த வாரம் பேசுவோம். அதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.