சீமைப் பிரயாணமும் துணிப் பெட்டியும்

ஐப்பசி மாதத்தில் ஐரோப்பா செல்ல உத்தேசித்துள்ள பழைய மாணவன் ஒருவன் சென்ற வாரம் கும்பகோணத்தில் என்னைக் காண வந்தான். “ஸார், என்னென்ன துணி எடுத்துப் போகலாம்?” என்று கேட்டான். இக்கேள்வி காதில் விழுந்தால் இவ்வூரார் மனம் சாரங்கபாணி சந்நிதித் தெருவை நாடாமல் இராது.

அத்தெருவில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி சென்னையில் கப்பலேறினார். அதற்கு முன்னரே அவருடைய குடுமி கத்தரிக்கப்பட்டது. மேல்நாட்டு உடைகளும் பூட்ஸும் வந்து சேர்ந்தன. பூட்ஸ் காலை வருத்தவே, அங்கே போயும் செருப்பையே அவர் விரும்பினார். கேம்பிரிட்ஜில் குளிர் மிகுந்த ஒரு நாள், நண்பர் மஹலனோபிஸ் அவரைப் பார்க்கச் சென்றார். கணித மேதை கணப்பருகே உட்கார்ந்திருந்தார். இரவில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் விடவில்லை என்றார். நண்பர் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! விளிம்புகளெல்லாம் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றுக்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், அந்த மெல்லிய விரிப்புக்கும் கம்பளிகளுக்கும் இடையில் அவர் நடுங்கிக் கிடந்திருக்கிறார்.

எண்களின் அந்தரங்கத்தை அறிந்தவருக்குக் கம்பளியின் வழக்கத்தைச் சொல்வார் இல்லை. கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

இனிச் சீதோஷ்ணத்தைப் பார்ப்போம். தஞ்சை ஜில்லாவில் ஐப்பசி என்றால் அடைமழை. ஆயினும் மழையில் நனைந்து நாற்றங்காலிலிருந்து திரும்புகிறவன் தலையைத் துவட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். லண்டனிலோ அக்டோபர் மாதத்தில் பகல் உஷ்ணம் சுமார் 15 டிகிரி செல்சியஸ். இரவில் 9-க்கு இறங்கும். அதே மாதத்தில் ரோமாபுரியில் பகல் 20-ஐத் தாண்டும். காலையில் வெயில், நடுப்பகலில் தூற்றல், மாலையில் ஊதற்காற்று என்று ஒரே நாளில் மூன்று பருவங்களும் வந்து போகும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுகிறார்கள். அதன் பிறகு லண்டனில் ஐந்து மணிக்குமுன்பே இருட்டிவிடும்.

ஆகவே, தடித்த கோட்டு ஒன்றையே நம்புவது பிசகு. மெல்லிய உள்ளுடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மழைக்கோட்டு என்று அடுக்காக அணிய வேண்டும். கம்பளிக்குத் தானாக உஷ்ணம் கிடையாது. இடையிடையே தங்கும் காற்றுதான் உடலின் சூட்டை வெளியே போகாமல் காக்கிறது. வெயில் வந்தால் ஓர் அடுக்கைக் கழற்றலாம். பருத்தி நமக்கு உயிர்தான். ஆனால் நனைந்துவிட்டால் குளிரைத்தான் கூட்டும். கம்பளி சற்று நனைந்தாலும் கதகதப்பு முழுவதும் போகாது. கம்பளிக் காலுறை இரண்டு மூன்று ஜோடி, இங்கேயே சில நாள் போட்டுப் பழகிய பாதரக்ஷை, கழுத்துக்கு ஒரு துண்டு, இவையும் அவசியம். காற்றில் குடை புரண்டுவிடும், மழைக்கோட்டே உத்தமம்.

பெட்டியை நிரப்புவதிலும் நிதானம் வேண்டும். 1931-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி வட்டமேஜை மகாநாட்டுக்காகப் பம்பாயில் கப்பலேறிய மகாத்மா, உடன் வந்தவர்களின் பெட்டிகளைப் பார்த்துக் கடிந்துகொண்டார். வேண்டாத சாமான்கள் ஏடனிலிருந்து திரும்பிப் போயின. நவம்பர் 5-ந் தேதி அரை வேஷ்டியும் சால்வையுமாகவே அவர் மன்னரின் அரண்மனைக்குள் சென்றார். சால்வையை அவரும் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிருக்காகக் கம்பளி அணிவது அடிமைப் புத்தி அன்று. நம் உடையில் நமக்கே வெட்கம் தோன்றினால் அதுவே அடிமைப் புத்தி.

இவற்றையெல்லாம் அவன் குறித்துக்கொண்டான். “வேறு ஏதாவது, ஸார்?” என்றான்.

“ஒன்றே ஒன்று, தம்பி. அங்கே எது விளங்காவிட்டாலும் பக்கத்திலிருப்பவரைக் கேள், வெட்கப்படாதே. நம் ஊர் மேதை கம்பளிகளின் மேலே படுத்துக் குளிரில் நடுங்கினார். நீயாவது உள்ளே படு” என்றேன்.