வேலி இல்லாத முதலைப் பண்ணை! - 'ரெசிடென்ட் ஈவில் 2' மிரட்டுவது எங்கே... சறுக்குவது எங்கே?

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி, அமராவதி அணை, அதை ஒட்டி முதலைப் பண்ணை. திருப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலருக்கு முதல் பள்ளிச் சுற்றுலா அங்கேதான். வாயைப் பிளந்தபடி கல்லாகக் கிடக்கும் முதலையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது வயிற்றில் ஒரு ஜிலீர். அடுத்த நிமிடமே சிரிப்பு, ஐஸ் வாங்கித் தரச்சொல்லி அடம். வேலி இருக்கிறது என்ற தைரியம்தான் அந்தப் பயத்தை இனிப்பாக்குகிறது.

அந்த வேலி திடீரென்று இல்லாமல் போனால்? குறுகலான சாக்கடைச் சுரங்கத்தில் நீங்கள் ஓட, உங்கள் பின்னால் லாரி அளவுக்கு ஒரு முதலை துரத்திக்கொண்டு வந்தால்? 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1998 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட வீடியோ கேம் இது. 2019 ஜனவரியில் இதையே அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டி மறுபடியும் வெளியிட்டார்கள். அந்தப் புதிய பதிப்பு மட்டுமே ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. மில்லா ஜோவோவிச் நடித்த ஹாலிவுட் படங்கள் வழியாக இந்தப் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். படங்களுக்கெல்லாம் மூலம் இந்த கேம் வரிசைதான்.

'சர்வைவல் ஹாரர்' என்பது இந்த வகையின் பெயர். பேயைச் சுட்டுத் தள்ளி ஜெயிப்பது இதில் நோக்கம் இல்லை. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு உயிரோடு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

முக்கால்வாசி முடிந்த சரக்கு ரிஜெக்ட்!

இரண்டாம் பாகம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று சினிமா பார்க்கும் நமக்கே தெரியும். முதல் பாகம் மாதிரியே இருந்தால், 'புதுசா ஒண்ணுமில்லை' என்பார்கள். மாற்றி எடுத்தால், 'பழைய மாதிரி இல்லை' என்பார்கள். கேமிலும் அதே கதைதான்.

1996-ல் வந்த முதல் பாகம், காட்டுக்குள் இருக்கும் ஒரு பங்களாவில் நடந்தது. அதை இயக்கிய ஷின்ஜி மிகாமி, இரண்டாம் பாகத்தில் தயாரிப்பாளராக நின்றுகொண்டு, இயக்கும் பொறுப்பை ஹிதேகி கமியா என்ற இளைஞரிடம் கொடுத்தார். கமியாவுக்கு அதுதான் இயக்குநராக முதல் படைப்பு. வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆனால் மொத்தமாகப் பார்த்தபோது, தனித்தனிப் பாகங்கள் நன்றாக இருந்தும் முழுசாகச் சுவாரஸ்யம் இல்லை என்று தோன்றியது. அந்தப் பதிப்பை அப்படியே தூக்கிப்போட்டார்கள். ரசிகர்கள் இன்றும் அதை '1.5' என்று அழைக்கிறார்கள்.

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வலி புரியும். கட்டிங் முடிந்து, பவர் டேபிளில் பாதிக்கு மேல் தைத்து, செக்கிங்குக்குப் போகும் நேரத்தில், 'இந்த ஸ்டைல் வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிங்க' என்றால் எப்படி இருக்கும்? ஷிப்மென்ட் தேதி தள்ளிப் போகும். செலவு ஏறும். ஆனாலும் கேப்காம் துணிந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிவந்த நொபொரு சுகிமுராவைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். எல்சா என்ற பைக் பந்தய வீராங்கனை போய், முதல் பாக நாயகனின் தங்கை கிளேர் ரெட்ஃபீல்ட் வந்தாள். சாதாரண ஆபீஸ் மாதிரி இருந்த போலீஸ் நிலையம், ஒரு காலத்தில் அருங்காட்சியகமாக இருந்த பிரமாண்டக் கட்டடமாக மாறியது. இன்றுவரை பேசப்படுவது அந்தக் கட்டடம்தான்.

எட்டே பொருள்... என்ன செய்வீர்கள்?

கதை சிம்பிள். ரக்கூன் சிட்டி என்ற ஊரில் வைரஸ் பரவி, மக்கள் நடைபிணங்களாகிவிட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஊருக்குள் மாட்டிக்கொள்கிறான் போலீஸ்காரன் லியோன். அண்ணனைத் தேடி வருகிறாள் கிளேர். இருவரில் ஒருவராக நாம் விளையாட வேண்டும்.

விளையாட்டின் பெரிய பலம், பற்றாக்குறை. ஆரம்பத்தில் எட்டுப் பொருள்கள்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும். துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, மருந்துச் செடி ஒன்று என்று வைத்தாலே மூன்று இடம் போய்விடும். வழியில் சாவி கிடைத்தால் எதைக் கீழே போடுவது? எதிரில் வரும் நடைபிணத்தைச் சுடலாமா, இல்லை ஒதுங்கி ஓடலாமா? சுட்டால் தோட்டா போகும். ஓடினால், திரும்ப இதே வழியாக வரும்போது அது காத்திருக்கும். மாதக் கடைசியில் வீட்டுச் செலவைப் பார்க்கும் அதே கணக்கு!

புதிய பதிப்பில் ஜன்னல்களை அடைக்க மரப்பலகை கிடைக்கும். ஆனால் எல்லா ஜன்னலுக்கும் போதாது. எந்த வழியில் அடிக்கடி நடப்போம் என்று யோசித்து அடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் விளையாடினால், அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு திருப்பமும் சொந்த வீடு மாதிரி மனப்பாடமாகிவிடும்.

தடக்... தடக்... தடக்...

வரைபடம் மனப்பாடமாகி, கொஞ்சம் தைரியம் வரும் நேரத்தில்தான் 'மிஸ்டர் எக்ஸ்' வருவான். நீளக் கோட்டும் தொப்பியுமாக வரும் ஒரு ராட்சசன். அவனைக் கொல்ல முடியாது. நிறையச் சுட்டால் சிறிது நேரம் மண்டியிடுவான், மறுபடி எழுந்து நடப்பான். ஓடமாட்டான். நிதானமாக, நாம் இருக்கும் இடத்தை நோக்கி வந்துகொண்டே இருப்பான்.

இதில் ஒலிதான் கதாநாயகன். மேல்மாடியில் பூட்ஸ் சத்தம், எங்கேயோ ஒரு கதவு திறக்கும் சத்தம். அது நெருங்குகிறதா, விலகுகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும். 1998 பதிப்பில் இரண்டாவது சுற்றில் மட்டும் வந்தவனை, 2019-ல் இரண்டு சுற்றிலும் உலவ விட்டார்கள்.

பயமுறுத்திய இவனே பலருக்கு எரிச்சலும் ஆகிறான். ஒரு புதிரை நிதானமாக யோசிக்க முடியாது. அலமாரியைத் திறந்து குறிப்பைப் படிக்கும்போது பின்னால் வந்து நிற்பான். முதல் பத்து நிமிடம் திகில், அரை மணி நேரம் கழித்து, 'அடப்பாவி, கொஞ்சம் விடேன்' என்று தோன்றும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு பயம்

இந்தக் கதையில் பேயோ, சாபமோ இல்லை. வில்லன் ஒரு கம்பெனி. அம்பரெல்லா என்ற மருந்து நிறுவனம் ஊருக்கு அடியில் ரகசிய ஆய்வுக்கூடம் நடத்துகிறது. அங்கே நடக்கும் மோதலில் வைரஸ் குப்பிகள் உடைந்து, சாக்கடையில் திரியும் எலிகள் வழியாக ஊருக்குள் பரவுகிறது. மேலே ஊர் வழக்கம்போல இயங்க, கீழே ஓடும் கழிவில் அழிவு கிளம்புகிறது.

திருப்பூர்ப் பக்கம் இதை வெறும் கற்பனை என்று கடந்துபோக முடியாது. சாயக்கழிவு நொய்யலில் கலந்ததையும், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறியதையும் பார்த்த மண் இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சோறு போட்ட தொழிலா, தண்ணீரா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. நடைபிணங்கள் பொய். ஆனால், 'லாபத்துக்காகக் கீழே மறைத்தது ஒருநாள் மேலே வரும்' என்ற கதை பொய்யில்லை. சாக்கடைக்குள் இறங்கும் கட்டத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு வரும் அருவருப்பு, வேறு ஊர்ப் பிள்ளைக்கு வருவதைவிட ஒரு படி கூடுதலாகத்தான் இருக்கும்.

கதையில் ஷெரி என்ற சிறுமியும் உண்டு. அப்பா, அம்மா இருவரும் விஞ்ஞானிகள். ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தவர்கள். ஊரே எரியும்போது அவள் தனியாக இருட்டில் ஒளிந்திருக்கிறாள். முன்பின் தெரியாத கிளேர்தான் அக்காவாக நின்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி வீடு திரும்பும் அப்பா அம்மாக்களுக்கு, இந்தக் கிளைக்கதை எந்தப் பூதத்தையும்விட ஆழமாகத் தைக்கும்.

சறுக்கல்கள்

பெரிய ஏமாற்றம், இரண்டாவது சுற்று. 1998 பதிப்பில் இரண்டு டிஸ்க். ஒருவர் கதையை முடித்த பிறகு, அதே இரவை மற்றவர் பக்கமிருந்து விளையாடலாம். முதல் சுற்றில் ஆயுதக் கிடங்கிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துவிட்டால், இரண்டாவது சுற்றில் அது அங்கே இருக்காது. இரண்டு பேரும் ஒரே இரவில், ஒரே கட்டடத்தில் நடமாடுகிறார்கள் என்ற உணர்வு அப்படி வந்தது. அன்றைக்கு அது அதிசயம்.

2019 பதிப்பில் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிட்டது. லியோன் தீர்த்த அதே புதிரைக் கிளேரும் தீர்க்கிறாள். அவன் வீழ்த்திய அதே பூதத்தை அவளும் வீழ்த்துகிறாள். அப்படியென்றால் எது உண்மையில் நடந்தது? கதை பதில் சொல்வதில்லை. ஒரே சட்டைக்கு இரண்டு லேபிள் ஒட்டிய மாதிரி!

இரண்டாவது, எதிரிகளின் உடல் வலு. ஒரே மாதிரி நடைபிணம் சில நேரம் இரண்டு குண்டில் விழும், சில நேரம் ஆறு குண்டு வாங்கியும் எழுந்து வரும். நாம் விளையாடும் விதத்தைப் பார்த்து கேமே சிரமத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு காரணம். தோட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு இது அநியாயமாகப் படும்.

மூன்றாவது, பழைய பதிப்பில் இருந்த ராட்சதச் சிலந்திகள் புதியதில் இல்லை. முதலையும் ஒரு சின்ன துரத்தலோடு முடிந்துவிடுகிறது. காட்சி பிரமாதம். ஆனால் விளையாடுபவர் யோசிக்க அதில் பெரிதாக இடமில்லை.

பழைய பதிப்பை இன்று எடுத்து விளையாடினால் வேறு வகைத் தலைவலி. கேமரா ஒரே இடத்தில் நிற்கும். மூலையில் இருப்பது தெரியாது, உறுமல் மட்டும் கேட்கும். நாயகனைத் திருப்புவதே வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற வேலை. அன்றைக்கு அதுவே பயத்தைக் கூட்டியது என்பதும் உண்மை.

நம் ஊர் வாசகர்களுக்கென்று ஒரு குறை, மொழி. புதிர்களுக்கான குறிப்புகள் டைரிகளிலும் கடிதங்களிலும் ஒளிந்திருக்கின்றன. அரபு, கொரியன், போலிஷ் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளை, கதையின் பாதியை இழந்துவிடுகிறது.

வீட்டில் அனுமதிக்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டாம். ஐரோப்பாவில் இதற்கு '18 வயதுக்கு மேல்' என்றே சான்று. ரத்தமும் சிதைந்த உடல்களும் அவ்வளவு தத்ரூபம்.

வயது வந்த பிள்ளை விளையாடினால்? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'கேம்' என்றாலே நம் வீடுகளில் ஆன்லைன் ரம்மி ஞாபகம்தான் வருகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்ததும், 2025-ல் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை போட்டதும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மத்திய அரசு அவற்றை மொத்தமாகத் தடை செய்ததும் அதனால்தான். அவற்றுக்கு முடிவு என்பது கிடையாது. தோற்றவனை, 'இன்னொரு ஆட்டம்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

'ரெசிடென்ட் ஈவில் 2' அந்த வகை இல்லை. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். ஒரு நாவல் போல ஆரம்பம், நடு, முடிவு உண்டு. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். விடியும்போது ஊரைவிட்டு வெளியேறலாம், கருவியை அணைத்துவிட்டுத் தூங்கலாம். பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறது என்பதோடு, எந்த வகை விளையாட்டை விளையாடுகிறது என்றும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் மிஸ்டர் எக்ஸின் பூட்ஸ் சத்தம் கேட்டு அம்மா அலறினால், அன்றைக்கு வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

அமராவதி முதலைப் பண்ணையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டிய அப்பா, 'பயப்படாதே, நான் இருக்கேன்' என்று சொல்லியிருப்பார். பிள்ளை வளர்ந்து, திரையில் இன்னொரு முதலையைப் பார்க்கும்போதும் அந்த வேலி தேவைதான். இந்த முறை அது கம்பி வேலி இல்லை, பக்கத்தில் வந்து உட்காரும் ஓர் ஆள்.