ஒரே அறையில் ஐந்து வகுப்பு!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும். குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் தாய்மார்களுக்கு ஒரே பேச்சுத்தான். "உங்க பொண்ணை எங்கே சேர்த்திருக்கீங்க?" என்று ஆரம்பித்து, ஊரிலுள்ள சின்ன அரசுப் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும்.

"அங்கேயா? ஒண்ணாங் கிளாஸும் அஞ்சாங் கிளாஸும் ஒரே ரூம்லதான் உட்கார்ந்திருக்குமாம். இருக்கிறதே ரெண்டு டீச்சர். அவங்க யாரைத்தான் பார்ப்பாங்க? நம்ம குழந்தை பாட்டுக்குப் பெரிய பசங்களை வேடிக்கை பார்த்துட்டு வீட்டுக்கு வரும்!"

கவலை நியாயமானதுதான். வேன் ஏறி எட்டு மைல் போகும் பள்ளிக்குப் பணத்தைக் கட்டிவிடலாமா என்று தாலிக்கொடியைத் தொட்டுப் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்! ஆனால் அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, வேடிக்கை பார்ப்பது, அதைத்தான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு வேடிக்கை பார்ப்பதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்கிறது?

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61-லிருந்து 90 வரை மூன்று பேர். வகுப்புகளோ ஐந்து. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடைக்கமாட்டார். எனவே சின்ன ஊர்களில் வகுப்புகள் கலந்து உட்காருவது யாரோ ஒரு டீச்சரின் அலட்சியம் அல்ல, கணக்கே அப்படி.

நம் பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. வாத்தியார் ஒருவர். ஆனா ஆவன்னாவை மணலில் எழுதும் வாண்டும், ஏட்டுச்சுவடி படிக்கும் பெரிய பையனும் ஒரே திண்ணையில். பெரியவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. (பிரம்பையும் அவனே எடுத்துக்கொண்டது வேறு கதை!)

இந்தச் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கிலாந்து போனது பலருக்குத் தெரியாது. எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்று இருந்தது. 1789 முதல் அதன் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்களுக்கு அது ரசிக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டார். பையன் சமாளித்துவிட்டான்! 1797-இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அதற்குப் பெயரும் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இருக்கிறது. அது அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழும்பியது.

பெல் இதில் கண்டது பெரும்பாலும் சிக்கனம். சம்பளம் இல்லாத வாத்தியார் அல்லவா! குழந்தையின் மனத்தைக் கண்டவர் இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகவே இருந்தார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை ஒரே அறை என்பது அவர் முறையில் முக்கியமான விதி. ஆள் பற்றாக்குறையால் வந்தது அல்ல. 1939-இல் தம் அறுபத்தொன்பதாவது வயதில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் வந்தது, இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். சின்னஞ்சிறுசுகள் முதல் பெரிய பிள்ளைகள் வரை அங்கே அவரைச் சுற்றி இருந்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய பாடத்திட்டம் பெரிதும் உருவானது நம் கொடைக்கானல் குளிரில்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலந்து உட்காரவைப்பது வேறு. கலந்து படிக்கவைப்பது வேறு. ஒரே அறையில் ஐந்து வரிசை போட்டு, "நீங்க வாய்ப்பாடு எழுதுங்க, நீங்க பார்த்து எழுதுங்க, நீங்க சும்மா இருங்க" என்று நடந்தால், மாமி, உங்கள் கவலை முழுக்க முழுக்கச் சரி. பிள்ளை கெட்டுப்போகும். 1995-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கலப்பு வகுப்புப் பிள்ளைகள் படிப்பில் மற்றவர்களைவிட மோசமும் இல்லை, பெரிதாக உசத்தியும் இல்லை என்றுதான் வந்தது. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

என்ன நடக்கவேண்டும்? தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே அட்டைகளால் ஆன ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதற்கு முனைந்து நின்றவர். 2007-இல் அது தமிழகம் முழுவதும் பரவியது.

அந்த வகுப்பறைக்குள் நுழைந்தவர்களுக்கு முதலில் திகைப்புத்தான். பெஞ்சு இல்லை. டீச்சரும் பிள்ளைகளும் தரையில் பாயில். சுவரைச் சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் துணி காயப்போடுவதுபோல் பிள்ளைகள் வரைந்த படங்கள். சுவரில் ஒரு பெரிய ஏணிப்படம். ஒவ்வொரு படியிலும் பறவை, விலங்கு என்று ஒரு சின்னம். குழந்தை தன் படி எது என்று பார்த்து, அதே சின்னம் உள்ள அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, அதற்குரிய குழுவில் உட்காரும். டீச்சர் சொல்லிக் கொடுக்கும் குழு, டீச்சர் கொஞ்சமே உதவும் குழு, கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் குழு, அவர்கள் கொஞ்சமே உதவும் குழு, தானே செய்யும் குழு, கடைசியில் மதிப்பீட்டுக் குழு என்று ஆறு. இரண்டு நாள் ஜுரத்தில் படுத்துவிட்டு வந்த குழந்தை, விட்ட படியிலிருந்து ஏறலாம். "அந்தப் பாடம் முடிஞ்சு போச்சு" என்று யாரும் சொல்லமாட்டார்கள். இது எவ்வளவு பெரிய நிம்மதி!

குறை இல்லாமலில்லை. அட்டை தொலைந்தால் படியே தொலைந்தது. சில குழந்தைகள் ஒரே படியில் வாரக்கணக்கில் நின்றுவிட்டன. "பையிலே புஸ்தகமே இல்லையே, இது என்ன படிப்பு?" என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். மேலிடத்து உத்தரவாக வந்ததால், மனம் ஒப்பாமல் செய்த ஆசிரியர்களும் உண்டு. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக்கினார்கள். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது என்ற பழைய எண்ணம் அதிலும் இருக்கிறது.

இப்போது நம் வேடிக்கை பார்க்கும் குழந்தையிடம் வருவோம்.

நல்ல கலப்பு வகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்குகிறது. பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதே கொட்டையை வைத்துப் பெருக்கல் போடுகிறது. குட்டியின் கை நின்றுவிடும். கண் அங்கே போகும். டீச்சர் அதட்டவில்லை என்றால், சற்று நேரத்தில் அதுவும் இரண்டு வரிசை அடுக்கி, "இங்கே பாரு, ரெண்டு பத்து!" என்னும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளைக்கு வரப்போகும் பாடத்தின் வாசனை இன்றைக்கே மூக்கில் ஏறிவிட்டது. ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கும் அறையில் இது கிடைக்காது. தன்னால் தனியே முடியாதது, சற்றே தேர்ந்தவர் துணையோடு முடியும் என்று ருஷ்ய மனநூல் அறிஞர் வைகாட்ஸ்கி விளக்கினார். அக்காவின் விரலைப் பிடித்து நடை பழகிய எந்தத் தம்பிக்கும் இது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் முழுக்கக் கெட்டிப்படுவதில்லை. பென்சிலை இறுக்கிப் பிடித்து இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் குழந்தைக்குக் கை வலிக்கும், எழுத்தே வெறுத்துவிடும். ஒரே வயது வகுப்பில் பக்கத்துப் பையன் எழுதிவிட்டானே என்று ஒப்பிட்டு அவசரப்படுத்துவோம். கலப்பு வகுப்பில் வேகம் பலவிதம். குழந்தை மணலிலோ கரும்பலகையிலோ பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருக்கலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சரி, சின்னதுக்கு லாபம். பெரியதுக்கு?

சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கே புரிகிறது என்பது உண்மை. கடன் வாங்கிக் கழிப்பதை ஒரு வாண்டுக்கு விளக்க முயலும் பிள்ளை, "ஏன்?" என்று அது கேட்கும்போதுதான் தனக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கும். ஆனால் அளவு உண்டு. நாள் முழுக்க எழுத்துக் கூட்டிக் கொடுப்பதே வேலையானால், அந்தப் பிள்ளையின் படிப்பு எங்கே போகும்?

பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பத்து வயதுப் பெண்ணை எல்லோருக்கும் பிடிக்கும். அவள்தான் சின்னதின் மூக்கைச் சிந்திவிடுவாள், கழிப்பறைக்குக் கூட்டிப் போவாள், தட்டு கழுவுவாள், அழுதால் சமாதானப்படுத்துவாள். "ரொம்பப் பொறுப்பான பொண்ணு" என்று பெயர் வாங்குவாள். அதே வயதுப் பையனோ பந்தோடு வெளியே! வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, பள்ளியிலும் அதையே செய்தால் அவள் எப்போது படிப்பாள்? பொறுப்பு நல்ல குணம்தான். அதைப் பையனுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் அவனுக்கும் நல்லதுதானே.

ஆகவே பள்ளிக்கூடம் பார்க்கப் போகும்போது சுவர் வர்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். டீச்சர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கையில் கொட்டை, குச்சி, அட்டை ஏதாவது இருக்கிறதா, அல்லது கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? பெரிய பிள்ளைகளுக்கென்று டீச்சர் தனியாக ஒதுக்கும் நேரம் உண்டா? இதைக் கேட்டால் நல்ல டீச்சர் கோபித்துக்கொள்ளமாட்டார், சந்தோஷப்படுவார்.

வீட்டிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. மூத்தது வீட்டுப்பாடம் எழுதும்போது சின்னதை விரட்டாதீர்கள். ஒரு முறத்தில் ரவையோ மணலோ பரப்பிப் பக்கத்தில் வையுங்கள். பட்டாணி உரிக்க, கொத்தமல்லி ஆய, வெண்டைக்காயை ஐந்தைந்தாகக் கூறு கட்ட விடுங்கள். விரலுக்குப் பலம் வரும், எண்ணிக்கையும் வரும். பெரியதிடம், "அரை மணி சொல்லிக் குடு, அப்புறம் உன் வேலையைப் பார்" என்று கணக்காகச் சொல்லிவிடுங்கள்.

பேன் விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பாயில் தலையோடு தலை சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது வரத்தான் செய்யும். கத்தி ஊரைக் கூட்டவேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் ஈரத் தலையில் பேன்சீப்பால் வாரி, வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் போதும்.

இந்த ஏற்பாட்டில் நிஜமாகவே பயப்படவேண்டிய இடம் வேறு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ, கணக்கெடுப்புக்கோ, பிரசவ விடுப்பிலோ போய்விட்டால், மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கவேண்டும். அப்போது ஏணியும் இல்லை, அட்டையும் இல்லை. சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றாகிவிடும். அது ஒரு நாளானால் சரி, மாதக்கணக்கில் நீண்டால்? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மாற்று ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதி மேலே அனுப்ப அதற்கு இடமுண்டு. பல ஊர்களில் நம் பெண்கள் கையெழுத்துப் போடுவதோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்லுவார்.