கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?

மும்பை நகரம். 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி. விடியற்காலை நேரம்.

இந்தி நடிகர் கோவிந்தா வெளியூர் புறப்பட்டுக்கொண்டு இருந்தார். தன்னுடைய ரிவால்வரை எடுத்து பீரோவில் வைக்கப் போனார். அது கை நழுவிக் கீழே விழுந்தது. "டுமீல்" என்று வெடித்தது. குண்டு அவருடைய காலிலேயே பாய்ந்தது! ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள்.

அது லைசென்சு உள்ள துப்பாக்கி. அங்கே திருடனும் இல்லை, பகைவனும் இல்லை. சுட வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

முதல் முதலாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும்?

நம் நாட்டில் முதலில் லைசென்சு, பிறகுதான் துப்பாக்கி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரிடமும், சென்னை போன்ற பெரு நகரத்தில் போலீஸ் கமிஷனரிடமும் மனுப் போட வேண்டும்.

"எதற்காகத் துப்பாக்கி?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. நகை வியாபாரம், பெரும் பணம் கொண்டு போகும் வேலை, உயிருக்கு உண்மையான ஆபத்து என்று தக்க காரணம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பது காரணம் ஆகாது! உள்ளூர் போலீசார் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். மனுதாரர் மேல் வழக்கு உண்டா, அவர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் பார்ப்பார்கள். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் வேண்டும்.

முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அதை 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். இன்னொரு திருத்தமும் அப்போது வந்தது. வடநாட்டில் சில இடங்களில் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஒரு வேடிக்கை. மேலே போன குண்டு கீழே வரத்தானே வேண்டும்? இப்படிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும்.

ரிவால்வரா? பிஸ்டலா?

கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைப்பார். வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கும். அதில் பெரும்பாலும் 6 அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா, இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிஸ்டலில் தோட்டாக் கூடு கைப்பிடிக்குள் இருக்கும். கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் எமன் இருக்கிறான்! குழலின் அடியில் ஒரு தோட்டா ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருக்கலாம். கூட்டைக் கழற்றினாலும் அது வெளியே வராது. "தோட்டா இல்லை என்று நினைத்தேனே!" என்று கதறியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே முதல் தடவை வாங்குகிறவருக்கு ரிவால்வரே நல்லது.

பழைய ரிவால்வர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படக் கூடாது. பழைய மாதிரிகள் சிலவற்றில் சுத்தியலின் முனை தோட்டாவின் முதுகிலேயே படிந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் அந்த ஓர் அறையை மட்டும் காலியாக விட்டு வைத்தார்கள். புது மாதிரிகளில் இதற்குத் தடுப்பு உண்டு. "விழுந்தால் வெடிக்குமா?" என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

9 மில்லிமீட்டர் போன்ற ரகங்கள் சாதாரண மக்களுக்குத் தடை. பலரும் வாங்குவது .32 ரகம். கான்பூரில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலையில் இது தயாராகிறது. 2014-ல் பெண்களுக்காக என்று சொல்லி "நிர்பீக்" என்ற ரிவால்வர் அங்கிருந்து வந்தது. எடை சுமார் அரை கிலோதான். விலையோ அப்போது சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! இருட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஏழைப் பெண்ணுக்கு இது எட்டுமா? மேலும் துப்பாக்கி லேசாக இருந்தால் தூக்குவது சுலபம். சுடும்போது கை அதிகமாக உதறும்.

வீட்டுக்கு வந்த பிறகு

எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே எண்ண வேண்டும். விளையாட்டுக்குக்கூட அதை ஆள் பக்கம் திருப்பக் கூடாது. சுடும் கணம் வரை விரல் குதிரையைத் தொடக் கூடாது. குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சாராயம் உள்ளே போனால் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது.

"தலையணைக்கு அடியில் இருக்கிறது, பரண்மேல் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாது" என்பார்கள் சிலர். முறுக்கு டின்னை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகளுக்கா இது தெரியாது? துப்பாக்கி ஒரு இரும்புப் பெட்டியில். தோட்டா வேறு ஒரு பெட்டியில். இரண்டுக்கும் பூட்டு. சாவி எப்போதும் சொந்தக்காரர் இடுப்பில். "துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, ஓடி வந்து பெரியவர்களிடம் சொல்" என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கலாம். கடன் தொல்லையாக இருக்கலாம். மகன் பரீட்சையில் தவறியதாக இருக்கலாம். அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்க வேண்டாம். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைக்க வழி இருக்கிறது. அவசரத்தில் எடுத்த முடிவு ஒரு மணி நேரத்தில் மாறக்கூடும். பாய்ந்த குண்டு திரும்பி வராது.

தேர்தல் வந்தால் போலீசார் கேட்கும்போது துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். களவு போனால் உடனே போலீசில் சொல்லிவிட வேண்டும்.

லைசென்சு என்பது ஓர் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. சொந்தக்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்சு உள்ள கடையிலோ சேர்த்துவிட வேண்டும். "அப்பாவின் நினைவாக பீரோவிலேயே இருக்கட்டும்" என்று வைத்திருந்தால், லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக மகன் கோர்ட்டு ஏற வேண்டி வரும்.